ரிவர்ஸ் விழாது

பதினான்கு அடி பிரோக். மஹேபூர் லகூனில்
முழங்காலளவு தண்ணீரிலேயே பாதி வாழ்க்கை.
அதற்கு இருபத்தைந்து குதிரை வேண்டுமாம் வயாபுரிக்கு.
இருபத்தைந்துக்கும் புல் யார் போடுவது என்றேன்.
மீன் விற்ற காசு என் முடிச்சில் இருக்கிறது,
பெட்ரோல் விலை பங்க் பலகையில் இருக்கிறது.
அவர் பேசவில்லை.
பேசாமலிருந்தால் மனசுக்குள் வாங்கிவிட்டார் என்று அர்த்தம்.

சனிக்கிழமை புளூ பே போனோம்.
ஹோட்டல் படகுக் கொட்டகையில் ஸ்தெஃபான்
துணியை உருவிக் காட்டினான்:
நீல மூடி, முகம் பார்க்கலாம்.
தண்ணீர் நிரப்பிய ட்ரம்மில் இறக்கி
ஒரே இழுப்பு.
பிடித்துக்கொண்டது.
வயாபுரி என்னைத் திரும்பிப் பார்த்தார்,
பெண்பார்க்கப் போன வீட்டில்
பலகாரம் நன்றாயிருந்துவிட்ட முகத்தோடு.

ட்ரம்முக்குள் எல்லா மோட்டாரும் உத்தமம்தான்.
கியர் எண்ணெயைக் காட்டு என்றேன்.
திருகு இறுகிப்போச்சு என்று சிரித்தான்.
திருகின் பள்ளத்துக்குள்ளும் புதுப் பெயின்ட்.
வயாபுரிதான், தன் கௌரவத்துக்காக,
திருப்புளியைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார்.
சொட்டியது
பால் ஊற்றிய டீ.

கடல் எத்தனை வருஷமாய் அதற்குள்
வாடகையில்லாமல் குடியிருக்கிறதோ!

பஸ்ஸில் வரும்போது
சீல் மாற்றினால் போதும் என்றார்.
சிங்கமலை தெரிகிற வளைவில் இன்னொரு முறை.
இறங்கும்போது,
சீல் ஒன்றும் பெரிய விலையில்லை.

வியூ கிராண்ட் போரில் மரிலீன் வீடு.
கோழிக்கூண்டுக்குப் பின்னால் எட்டுக் குதிரை.
மூடி கிடையாது, அரிசிச் சாக்கு.
இழுகயிறு ஜன்னல் திரையிலிருந்து வந்தது.
ரீயூனியனுக்குக் கட்டட வேலைக்குப் போன தம்பி
மரவள்ளி பிஸ்கட் அட்டையில்
எழுதிக் கட்டிவிட்டுப் போயிருந்தான்:

தண்ணீர் பம்ப் டிசம்பரில் மாற்றியது.
மேல் பிளக் நனையும், துடைத்துப் போடு.
மூன்றாவது இழுப்பில் பிடிக்கும்,
இரண்டாவதில் கோபப்படாதே.
ரிவர்ஸ் விழாது. விழவே விழாது.

இதை வாசித்துவிட்டு விலை பேசுங்கள் என்றாள் மரிலீன்.

பிளக்கைக் கழற்றித் துளையில் கட்டைவிரல் வைத்தேன்.
அவர் கயிற்றை இழுக்க, உள்ளேயிருந்து
விரலை உதைத்துத் தள்ளியது ஒரு மூச்சு.
நல்ல முரட்டு மூச்சு.
திருகைத் திறந்தால் எண்ணெய் கறுப்பு, கடலின் கலப்பில்லை.
பிறகு ட்ரம்மில் மூன்றாவது இழுப்பு.
இடுப்பருகே ஒரு சின்னத் துளை வழியே
ஒண்ணுக்கு விடும் பயல் மாதிரி
வெதுவெதுவென்று பீச்சியது.
மரிலீனுக்கும் எனக்கும் சிரிப்பு.

பின்னால் போகாததை
எவனாவது காசு கொடுத்து வாங்குவானா?
வயாபுரி கேட்டது கோழிகளிடம்.
நான் கேட்டது விலை.
பதினாலாயிரம் என்றாள்.
பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு,
ஞாயிறுதோறும் ஒரு காப்பித்தேன் மீன்,
ஈஸ்டர் வரைக்கும்.

ஆறு மாசமாகிறது.
பாறைவாசல் தாண்டுவதில்லை என்று பேச்சு.
தாண்டுகிறார் என்று
கொண்டுவரும் மீனின் ஜாதி சொல்கிறது.
கேட்பதில்லை.
கரைக்கு இருபது பாகம் இருக்கும்போதே
மோட்டாரை அணைத்துவிடுவார்.
அதன்பிறகு படகை நிறுத்த அவரிடம் ஒன்றுமில்லை.
சத்தமில்லாமல் வரும்,
சொல்லாமல் வரும் விருந்தாளி போல, என்னை நோக்கி.
கவுனைச் சொருகிக்கொண்டு இடுப்பளவில் நிற்பேன்.
முகப்பில் இரண்டு கையும் கொடுத்து
குதிகாலை மணலில் புதைத்து
இரண்டடி, மூன்றடி பின்னால் சறுக்கி
நிறுத்துவேன்.
மெதுவா, மெதுவா என்று கத்துவார் வயாபுரி.
எங்கள் இருவரில் யாரிடம் என்று
இன்னும் தெரியவில்லை.

அந்த அட்டையை
அடுப்படிச் சுவரில் ஆணியடித்து வைத்திருக்கிறோம்.
நேற்று எண்ணெய் எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன்.
கடைசி வரியை அடித்துவிட்டு
தச்சன் பென்சிலால் கீழே எழுதியிருக்கிறார்:
ரிவர்ஸ் – பாகியம்.

ஒரு க் குறைகிறது.
திருத்தவில்லை.